பன்னிரண்டு மாதமும் திறந்திருக்கும்

அந்த மார்கழியில் எனக்குப் பயம் தந்தது கடல் இல்லை, போன். அது அடிக்க வேண்டும் என்று கோணேசருக்கு நேர்த்தி வைத்தவளும் நான்தான். கேட்டதைக் கடவுள் தராமல் விட்டாலும் கஷ்டம், பிழையான மாதத்தில் தந்தாலும் கஷ்டம்.

என் பெயர் பூரணி. திருகோணமலையில் உள்துறைமுக வீதிப் பக்கம் எங்கள் வீடு. என் கணவர் இராகுலன் படகோட்டி. வெளிநாட்டுக்காரரையும் கொழும்பு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய், திமிங்கிலம் காட்டிக் கூட்டி வருவார். ஒரு பைபர் படகு, இரண்டு என்ஜின், வீட்டு முன் அறையில் ஒரு மேசை, இவ்வளவும்தான் எங்கள் கம்பனி. படகு ஓட்டுவது அவர். போன் எடுப்பது, ஆட்களுக்குப் பதில் எழுதுவது, சாப்பாட்டுப் பார்சல் கட்டுவது எல்லாம் நான். கவலைப்படுவதும் நான்தான். அதில் எனக்கு அனுபவம் கூட.

போன ஆவணியில், சீசன் முடியப் போகிற நேரம், இராகுலன் மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு கதை சொன்னார். தொழில் இப்படியே போனால் தான் கட்டாருக்குப் போகப் போகிறாராம். அங்கே துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், தை மாதம் கொழும்பில் இன்டர்வியூவாம். பாஸ்போட்டைக்கூட எனக்குத் தெரியாமல் புதுப்பித்து வைத்திருந்தார். சொல்லிவிட்டு மீன் துண்டைப் புரட்டிப் போட்டு மற்றப் பக்கத்தைச் சாப்பிட்டார். எனக்கு அன்றைக்கு ஒரு பிடி சோறும் இறங்கவில்லை. மகள் பேராதனைக் கம்பஸில் படிக்கிறாள். இவரும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் இவருடைய அப்பாவும் சுவரும்தான்.

அவருடைய படகு ஓட்டத்தில் குறை சொல்ல ஒருவரும் இல்லை. ஆட்கள் எங்களைக் கண்டுபிடிக்கவில்லை, அதுதான் குறை. மகள் கம்பஸுக்குப் போக முன்னம் ஒரு வெப்சைட் செய்து தந்திருந்தாள். நல்ல வடிவான வெப்சைட். ஆனால் திருகோணமலையில் திமிங்கிலம் என்று கூகிளில் தேடினால் நாங்கள் ஏழாம் பக்கத்தில் வந்தோம், ஒரு ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால். ஏழாம் பக்கம் வரைக்கும் போகிறவன் திமிங்கிலம் தேடுகிறவனாக இருக்க மாட்டான், வேறு எதையோ தொலைத்தவனாக இருப்பான். முதல் பக்கத்துக்காரர்களின் படகுகள் காலையில் நிறைந்து போவதை நான் வீட்டு வாசல் கேற்றடியில் நின்று பார்ப்பேன்.

தேடுகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் நம்முடைய பெயரைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றன, எஸ்.இ.ஓ. என்பார்கள் என்று மகள்தான் சொன்னாள். நல்ல ஒன்றாகப் பார்த்து எடுங்கள் அம்மா என்றாள். நல்ல ஒன்று என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். அதற்குள் அவளுக்கு லெக்சருக்கு நேரமாகிவிட்டது.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராகுலனின் அப்பா, பெயர் சோமசேகரம், வயது எழுபத்தெட்டு. பழைய வியாபாரி. கயிறு, நங்கூரம், வலைச் சாமான் எல்லாம் விற்ற கடை வைத்திருந்தவர். சாமான் முடிந்துபோனால் இல்லை என்று சொல்ல மாட்டாராம், வரும் என்பாராம். வியாபாரிகளுக்கு அது வழக்கம்தான். ஆனால் மாமாவுக்கு அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. யுத்தப் பிரச்சினை காலத்தில் ஒருநாள், ஊர் குழம்பப் போகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு காட்போட் மட்டையில் பூட்டியிருக்கு என்று எழுதிக் கடைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு, மூன்று நாளைக்கென்று பாலையூற்றில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான்காம் நாள் திரும்பி வந்தபோது கடைக்குக் கூரை இல்லை, உள்ளே சாமானும் இல்லை. கதவு மட்டும் நின்றதாம், அந்த மட்டையோடு. அதற்குப் பிறகு அந்தக் கடை திறக்கவேயில்லை.

அன்றிலிருந்து தொழில் நடக்கிற இடத்தில் பூட்டு என்ற சொல்லை அவர் வாயால் சொன்னதும் இல்லை, மற்றவர்களைச் சொல்ல விட்டதும் இல்லை. எங்கள் வீட்டில் கதவைச் சாத்துவோம், மேசையை எடுத்து வைப்போம். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று இறங்கி, கடல் கொந்தளித்து, தொழில் ஆறு மாதம் நின்றுபோனாலும், படகு கரையேறியிருக்கு என்றுதான் சொல்வோம். கலியாணம் கட்டி வந்த புதிதில் எனக்கு இது பகிடியாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எனக்கும் அந்தச் சொல் வாயில் வராமல் போய்விட்டது.

எஸ்.இ.ஓ. வேலைக்கென்று முதலில் வந்தவள் அசனா. கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி, லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். வீட்டில் இருந்தபடியே நாலைந்து கடைகளுக்கு இந்த வேலை செய்கிறாளாம். முன் அறைக் கதிரையில் இருந்ததும் தேத்தண்ணி குடிக்கவும் முன்னம் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். யார் யார் வருகிறார்கள், எந்த நாட்டுக்காரர் கூட, போன் வந்தால் யார் எடுப்பது. அப்படியே வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டு வந்தவள், அதில் இருந்த போன் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். அது போன வருடம் தொலைந்துபோன சிம்மின் நம்பர். ஒரு வருடமாக வந்த அழைப்பெல்லாம் எங்கேயோ ஒரு வெற்றிடத்தில் அடித்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதல் பக்கத்தில் கொண்டுவருவாயா என்று கேட்டேன். முயற்சி செய்யலாம், சத்தியம் பண்ண ஏலாது என்றாள். அப்படிச் சத்தியம் பண்ணுகிறவர்களை நம்பவும் வேண்டாம் என்றாள். அதுவே எனக்குக் கொஞ்சம் சப்பென்று போனது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

“அக்கா, எந்தெந்த மாசம் நீங்க கடலுக்குப் போறதில்ல? அந்த மாசங்களுக்குப் பூட்டி எண்டு போடோணும்.”

மூலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த மாமா பேப்பரை மடித்தார். எழும்பினார். உள்ளே போனார். சாமி அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அசனா என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். என் காது அவளிடம் இருந்தது, மனம் மாமாவுக்குப் பின்னால் போய்விட்டது.

அவள் போன பிறகு மாமா வந்து, நல்ல பிள்ளைதான், ஆனால் வீட்டுக்குள் வந்து இருந்ததும் இருக்காததுமாய்ப் பூட்டுகிற கதை கதைக்கிற ஆள் எங்களுக்குச் சரிவராது என்றார். பழியை முழுக்க அவர் தலையில் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. எனக்கும் அவளை வேண்டாமென்றே இருந்தது. ஐந்து நிமிடத்தில் என் ஒரு வருடப் பிழையைக் கண்டுபிடித்தவளை இன்னும் உள்ளே விட்டால் வேறு என்னென்ன கண்டுபிடிப்பாளோ என்று பயந்தேன். நோயைக் கண்டுபிடிக்கிற டொக்டரை விட, ஒன்றுமில்லை போங்கோ என்கிற டொக்டரைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். அப்படிப்பட்ட டொக்டர் கொழும்பில் கிடைத்தார்.

அவர் பெயர் அர்ஷாக். அவருடைய கம்பனிப் பெயரை இங்கே எழுதி அவர்களுக்கு இலவச விளம்பரம் கொடுக்க மாட்டேன். வீடியோவில் வந்தார். இஸ்திரி போட்ட சேர்ட், பின்னால் கண்ணாடி அறை, மேலே மேலே ஏறிக்கொண்டு போகிற பச்சைக் கோடுகள். மூன்று மாதத்தில் முதல் பக்கம், எழுத்தில் தருகிறோம் என்றார். எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவ்வளவு தெரிந்த ஆட்கள், கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இராகுலனும் பார்த்துவிட்டு, இவன்தான் ஆள் என்றார். இப்போது எழுதும்போதுகூட எனக்கு என் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று படகுக்காரன் வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் விட்டோம்.

புரட்டாதியில் ஒப்பந்தம் போட்டோம். நிரப்பச் சொல்லி ஒரு படிவம் அனுப்பினார்கள், போன் நம்பரை இந்த முறை சரியாகப் போட்டேன். அதில் ஒரு இடத்தில், எந்தெந்த மாதங்களில் சேவை உண்டு என்று கேட்டு, பன்னிரண்டு சின்னப் பெட்டிகள் இருந்தன. மாமா என் கதிரைக்குப் பின்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். எல்லாவற்றுக்கும் சரி போடச் சொன்னார். நான் மார்கழியில் விரலை வைத்துக்கொண்டு தயங்கினேன்.

“அது ஆருக்கும் தெரிஞ்சதுதானே பிள்ளை. தெரிஞ்சதையும் எழுதி வைக்கிறதே? திறந்திருக்கு எண்டு போடு.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மார்கழியில் இந்தக் கடலுக்குள் ஒருவரும் இறங்கமாட்டார்கள் என்பது துறைமுகத்துக் காகத்துக்கும் தெரியும். சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று யாராவது படிவத்தில் எழுதுவார்களா? பன்னிரண்டு பெட்டிக்கும் சரி போட்டேன்.

ஐப்பசியில் ஐந்தாம் பக்கத்துக்கு வந்தோம். கார்த்திகை தொடக்கத்தில் இரண்டாம் பக்கம். நான் காலையில் பல்லுத் தீட்டமுன்னம் தேடிப் பார்ப்பேன். கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் முதல் பக்கத்தில் எங்கள் பெயர் நின்றது, மேலிருந்து மூன்றாவதாக. மாமா எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். இராகுலன் அன்று பின்னேரம் முழுக்க விசிலடித்துக்கொண்டு என்ஜினைக் கழுவினார். கட்டார் கதை பத்து நாளாக வீட்டில் எழவில்லை. எனக்கு நெஞ்சில் இருந்த கல் ஒன்று கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

பிறகு போன் அடித்தது. மார்கழி பத்தொன்பதாம் திகதி, நாலு பேர், திமிங்கிலம் பார்க்க. ஆரோ மாதத்தை மாறிப் போட்டுவிட்டார்கள் என்று சிரித்தேன். அடுத்த நாள் இன்னும் இரண்டு வந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் பதினொன்று. எல்லாமே மார்கழி. வெளியே மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. படகு கரையேறி, தறப்பாள் போர்த்துக்கொண்டு கிடந்தது. என் கையில் இருந்த போன் மட்டும் சீசன் வந்துவிட்டதென்று துள்ளியது.

அர்ஷாக்குக்கு அடித்தேன். முதலில் வாழ்த்துச் சொன்னார். மார்கழிதானே அக்கா திமிங்கில சீசன், அதை வைத்துத்தான் எல்லாம் கட்டினோம் என்றார். அது தெற்கில் தம்பி, மாத்தறைப் பக்கத்தில், இங்கே அப்படியே தலைகீழ், எங்களுக்குச் சித்திரை பிறந்த பிறகுதான் கடல் என்றேன். பிறகு மிகவும் மரியாதையாகவே கேட்டார்.

“ஆனா அக்கா, பன்னிரண்டு மாசமும் எண்டு நீங்கள்தானே போட்டீங்க?”

கோபப்படக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார். ஒன்றையும் கான்சல் பண்ண வேண்டாம், ரிவியூ விழும், ரிவியூ விழுந்தால் முதல் பக்கம் போய்விடும், ஏதாவது சின்னதாய் ஒரு சுற்றுக் காட்டி அனுப்புங்கள் என்று புத்தியும் சொன்னார். சின்னதாய் ஒரு சுற்று. அவருடைய கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்தால் கடல் அப்படித்தான் தெரியும்.

நான் அவர் சொல் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பாதிப்பேர் பரவாயில்லை என்றார்கள். மற்றவர்கள் எங்களைக் கள்ளர் என்றார்கள். ஆனாலும் போன் ஓயவில்லை. குசினியில் கறி கொதிக்கும், அது அடிக்கும். கோயிலில் கண்ணை மூடினால் கைப்பைக்குள் கிடந்து அதிரும். இவ்வளவையும் இராகுலன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏழாம் பக்கத்தில் கிடந்த மனிதனை உலகமே தேடி வருகிறது, பெண்டாட்டி எல்லோரையும் வாசலோடு திருப்பி அனுப்புகிறாள். அவர் காலையில் கடற்கரைக்குப் போய் நிற்கத் தொடங்கினார். திரும்பி வந்து, கடல் இளகுது என்பார். அலை அடங்கி வருகிறது, படகு இறக்கலாம் என்பதுதான் அந்த இரண்டு சொல்லுக்கு அர்த்தம்.

ஒரு குடும்பத்துக்கு மட்டும் என் கடிதம் போய்ச் சேரவில்லை. ஜெயரூபி, கனடா. சின்ன வயதில் கிளிநொச்சியிலிருந்து போனவள். கணவனும் இரண்டு பிள்ளைகளுமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்ததில் மெயில் பார்க்கவில்லை. மார்கழி இருபத்திரண்டாம் திகதி பின்னேரம் கேற்றடியில் ஒரு வாடகை வானில் வந்து இறங்கினார்கள். சின்னவனுக்கு ஆறு வயது, கையில் ஒரு பிளாஸ்டிக் திமிங்கிலம். நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்கத்தான் வந்தார்களாம்.

நான் காற்றைப் பற்றியும் மாரியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். அவள் போனை எடுத்து எங்கள் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். கோபமாகக்கூட இல்லை. பன்னிரண்டு மாதமும் திறந்திருக்கும் என்று எங்கள் படகின் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. நான் அதை வாசித்து முடிப்பதற்குள் இராகுலன் முந்திவிட்டார். காலமை ஆறரைக்கு வாங்கோ என்றார்.

அவர்கள் போனதும் இராகுலனைக் குசினிக்குள் வைத்துப் பிடித்தேன். மூன்று நாளாய் மழை இல்லை, காற்றும் விழுந்துவிட்டது, துறைமுகத்துக்குள் தண்ணீர் பால் மாதிரி இருக்கிறது என்றார். துறைமுகத்துக்குள் திமிங்கிலம் இல்லையே என்றேன். துறைமுக வாயைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். வானிலை அறிவித்தலில் சின்னப் படகுகள் வெளிக்கடலுக்குப் போக வேண்டாமென்று காலையிலும் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

“நான் கட்டாருக்குப் போகக்கூடாது எண்டு அழுததும் நீதான். இஞ்ச வாற ஆக்களைத் திருப்பி அனுப்புறதும் நீதான். அப்ப நான் என்னதான் செய்யிறது, பூரணி?”

இவரை இந்த ஊரில் வைத்திருக்கத்தான் நான் அந்தக் கம்பனியைப் பிடித்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கட்டாருக்குப் போனாலாவது இரண்டு வருடத்தில் திரும்பி வருவார். வாடைக் கடலுக்குள் போனவர்களை எண்ணிப் பார்த்தால், எங்கள் வீதியிலேயே மூன்று வீட்டில் படம் மாட்டி மாலை போட்டிருக்கிறது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

காலையில் எனக்கு வாய் அடங்கவில்லை. இராகுலன் என்ஜினுக்கு எண்ணெய்க் கான் நிரப்பி எடுத்துவரப் போயிருந்தார். மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்.

“மாமா, அண்டைக்கு நீங்கள் சரி போடச் சொன்ன அந்தப் பெட்டிக்காகத்தான் உங்கட மகன் இண்டைக்குக் கடலுக்குப் போறார்.”

இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் நான் அப்படிக் கதைத்ததில்லை. தேத்தண்ணி ஆடை கட்டி ஆறிப் போகும் வரைக்கும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே முன் அறையில் இருந்தார்.

ஆறரைக்கு வான் வந்தது. லைப் ஜக்கட்டுகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சின்னவனுக்கு ஜக்கட் பெரிது. ஜெயரூபி முழங்காலில் நின்று வாரை இறுக்கி இறுக்கிப் பார்த்தாள், அப்படியும் அது அவன் காது வரைக்கும் ஏறி நின்றது. வீதியில் எங்களுடைய சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. மற்றப் படகுகள் எல்லாம் கரையில் தறப்பாளுக்குள் கிடந்தன. அதைப் பார்த்துத்தானோ என்னவோ அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து, முன் அறையில் இருந்த மாமாவிடம் கேட்டாள்.

“ஐயா, உங்கட இடம் திறந்துதானே இருக்கு?”

இந்தக் கேள்விக்கு மாமாவிடம் என்ன பதில் உண்டென்று எனக்குத் தெரியும். கேட்டது கனடாக்காரி என்றாலும் கடவுள் என்றாலும் பதில் ஒன்றுதான். மாமா அந்தப் பிள்ளையைப் பார்த்தார். காதைத் தொட்டுக்கொண்டு நின்ற அந்த ஜக்கட்டைப் பார்த்தார். ஆறிப்போன கோப்பையை மேசையில் வைத்தார்.

“இல்லைப் பிள்ளை. பூட்டியிருக்கு.”

அவளுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து அவரே திரும்பவும் சொன்னார். பங்குனி முடியும் வரைக்கும் பூட்டியிருக்கு, இந்தக் கடலுக்குள் நாங்கள் இப்போது ஒருவரையும் ஏற்றுவதில்லை என்றார். அப்படியென்றால் ஏன் திறந்திருக்கு என்று போட்டீர்கள் என்று அவள் கேட்டாள். இந்த முறை உண்மையாகவே கோபம் வந்திருந்தது. தான்தான் அப்படிப் போடச் சொன்னதாகவும், பிழை தன்னுடையது என்றும் மாமா சொன்னார். அந்த நேரம்தான் இராகுலன் எண்ணெய்க் கானோடு கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். அப்பாவின் கடைசி வசனம் அவருக்கும் கேட்டுவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றார்.

“கானைக் கீழ வை, தம்பி” என்றார் மாமா.

கனநேரம் அவர் வைக்கவில்லை. பிறகு வைத்தார்.

சின்னவன் அழுதுகொண்டே போனான். அவர்கள் தந்த காசையெல்லாம் திருப்பிக் கொடுத்து, வான் வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜெயரூபி கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

அன்றைக்குக் கடல் கொந்தளித்தது, நாங்கள் தப்பினோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பகல் முழுக்க வெயில் எறித்தது. காற்று அசையவில்லை. இராகுலன் வாசல் படியில் இருந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடைக்கிடை திரும்பி என்னைப் பார்ப்பார், திட்டியிருந்தாலும் பரவாயில்லை போல இருக்கும். மத்தியானம் ரிவியூ வந்தது. ஒரு நட்சத்திரம். கனடாவிலிருந்து வந்தோம், வயதான ஒருவர் பூட்டியிருக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பின்னேரம் மாமா என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அந்தப் பெட்டிகளை இனி மாற்ற ஏலுமா என்று கேட்டார். எப்படி மாற்றுவதென்று தெரியாமல்தான் நானும் அதை இவ்வளவு நாளாக அப்படியே விட்டிருந்தேன். அர்ஷாக் போன் எடுக்கவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அசனாவுக்கு அடித்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் திட்டுவாள், அல்லது சிரிப்பாள் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை. முதலில் கேட்ட அதே கேள்வியைத்தான் திரும்பக் கேட்டாள்.

“எந்தெந்த மாசம் போறதில்ல, அக்கா?”

நான் வாயைத் திறக்க முன்னம் மாமா போனுக்குக் கிட்டக் குனிந்தார். ஐப்பசி தொடக்கம் பங்குனி முடிய என்றார். அவள் வழி சொன்னாள், நான் ஒவ்வொரு பெட்டியாகச் சரியை எடுத்தேன். ஆறாவது பெட்டியும் வெறுமையானதும் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்து விழுந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதோட விடாதை பிள்ளை. எப்ப திறக்கும் எண்டும் போடு. அண்டைக்கு மட்டையில நான் அதை எழுதேல்லை.”

“அண்டைக்கு நீங்க எழும்பிப் போகக்குள்ள அதைத்தான் ஐயா சொல்லிக்கொண்டிருந்தன்” என்றாள் அசனா. “திகதியச் சொல்லுங்க, நான் போடுறன்.”

திகதி. எனக்கு அந்த ஒரு சொல்லில் பயம் முழுவதும் திரும்பி வந்தது. திறக்கும் நாள் என்று எதைப் போடுவது? திறக்க ஆள் இருக்க வேண்டுமே. தை மாத இன்டர்வியூவுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. முதல் பக்கமும் இனி இருக்காது. மாமா இராகுலனின் முதுகைப் பார்த்தார். நானும் பார்த்தேன். போனுக்குள் அசனா காத்துக்கொண்டிருந்தாள். அவர் படியில் இருந்து திரும்பவில்லை. வெளியே வீதி லைட் எரியத் தொடங்கிவிட்டது.

“சித்திரை வருசப் பிறப்புக்கு அடுத்த நாள் போடு” என்றார், துறைமுகத்தைப் பார்த்தபடியே.

போட்டோம். மாமா இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார். இராகுலனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் மனம் மாறிவிடும் என்று பயம். அலுமாரியில் அவருடைய பாஸ்போட் எந்தத் தட்டில், எந்தச் சேர்ட்டுக்குக் கீழே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், உடுப்பு மடித்து வைக்கிற சாட்டில், அந்தச் சேர்ட்டைத் தூக்கிப் பார்ப்பேன். இன்டர்வியூ நாள் காலையில் விடியவே எழும்பிப் பார்த்தேன். அவர் கட்டிலில் இல்லை. ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். சேர்ட்டுக்குக் கீழே பாஸ்போட் இருந்தது. கரைப் பக்கம் படகின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.